வெள்ளைப்படுதல்: நாணமும் மருத்துவமும்



வெள்ளைப்படுதலை "உடம்புச் சூடு" என்றும், "எலும்பு உருகுகிறது" என்றும் கூறி, நம் தாய்மார்கள் பலர் ஆண்டுக்கணக்கில் வாய்மூடி இருந்துவிடுகின்றனர். எலும்பு உருகுவதில்லை. அரிப்பும் நாற்றமும் இன்றி ஓரளவு நீர் கசிவது இயற்கையே. பெண்ணுறுப்பில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அங்கு அமிலத்தன்மையைக் காத்து நோயைத் தடுக்கின்றன. அக்காவல் குலையும்போது நோய் தோன்றுகிறது.

தயிர்த் திப்பி போன்ற கசிவும் கடும் அரிப்பும் பூஞ்சையைக் காட்டும். அதற்குக் குளோட்ரிமசோல் மாத்திரையை உறுப்பினுள் வைப்பர். சாம்பல் நிறமும் மீன் நாற்றமும் பாக்டீரியாவைக் காட்டும். அதற்கு மெட்ரோனிடசோல் 7 நாள் தருவர். பச்சையும் மஞ்சளுமாய் நுரைத்து வருவது, 1836இல் பாரிசில் டோன்னே என்னும் மருத்துவர் நுண்ணோக்கியில் கண்ட டிரைக்கோமோனாஸ் கிருமியால் இருக்கலாம். இது உடலுறவால் பரவுவது. கணவரும் மருந்துண்ணாவிடில் மீண்டும் தொற்றும்.

பூஞ்சை மருந்து பாக்டீரியாவைக் கொல்லாது. ஆதலின் அண்டை வீட்டார் உண்ட மருந்தைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உறுப்பின் உட்புறத்தைச் சோப்பாலோ கிருமிநாசினியாலோ கழுவாதீர்கள். அது நல்ல நுண்ணுயிர்களையே அழிக்கும். காய்ச்சலோ அடிவயிற்று வலியோ இருப்பின், அல்லது கருவுற்றிருப்பின், ஒரு நாளும் தாழ்த்தலாகாது.

இளைஞர்களே! தீட்டு என்னும் சொல்லால் நாம் பட்ட துயரம் போதாதா? நம் வீட்டுப் பெண்ணின் நோயை நாமே தீட்டென்று மறைக்கலாமா? நோய் இழிவன்று. அவளை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உங்களுக்கும் மருந்து தந்தால் மறுக்காது உண்ணுங்கள். நாம் கற்ற கல்வியின் பயன் அதுவே.