அம்மாவுக்கு என்ன வேலை?

(ஃப்ரிபூர்க் சபையின் ஆண்டுவிழாக் குடும்பக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில மாதங்களுக்கு முன் ஞாயிறு பாடசாலையில், "அப்பா அம்மா என்ன வேலை செய்யினம்?" என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஒரு தம்பி எழும்பி, "அப்பா ரெஸ்ரோறன்ட் குசினியில. அம்மா சும்மா வீட்டில" என்றான். அந்த அம்மாவை எனக்குத் தெரியும். விடியற்காலையில் ஓர் அலுவலகத்தைத் துப்பரவாக்கிவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஓடி வருகிறவர். பின்னேரம் இன்னும் இரண்டு இடம். தம்பி கண் விழிக்கும்போது அம்மா வீட்டில் நிற்கிறார். அவர் வெளியே போய் வந்ததே அவனுக்குத் தெரியாது. அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். ஆனால் என் பிள்ளைகளும் ஒரு காலத்தில் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

பிள்ளைகளே, நெவ்வில்லில் இருந்து சென் பியேருக்கு ஏறும் ஃபினிக்கிலேர் வண்டியில் போயிருப்பீர்கள். 1899 இல் இருந்து ஓடுகிறது. ஒரே கம்பியில் இரண்டு பெட்டிகள். மேலே நிற்கும் பெட்டியில் நகரத்தின் கழிவுநீரை நிரப்புவார்கள். பாரமான பெட்டி இறங்க, மற்றது ஏறும். (அந்த மணத்துக்குக் காரணம் இப்போது விளங்குகிறதா?) பிள்ளை பிறந்த வீட்டிலும் ஒருவர் வேலையைக் குறைக்கிறார், மற்றவர் மேலதிக நேரம் செய்கிறார், பயிற்சிக்குப் போகிறார், சம்பளம் ஏறுகிறது. ஃபினிக்கிலேரில் பெட்டிகள் மாறி மாறி இறங்கும். எங்கள் வீடுகளில் எப்போதும் ஒரே பெட்டிதான் இறங்குகிறது.

இது தமிழர் வீட்டுக் கதை மட்டும் அல்ல. முதல் பிள்ளைக்குப் பின் தாயின் வருமானம் என்ன ஆகிறது என்று சில நாடுகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2019 இல் வந்தது. தகப்பன்மாரோடு ஒப்பிட்டால், பல வருடங்களுக்குப் பின்னும் டென்மார்க்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஜேர்மனியில் ஏறக்குறைய 60 வீதம் குறைவு. தகப்பன்மாரின் வருமானமோ அசையவில்லை. சுவிசில் வேலை செய்யும் பெண்கள் 10 பேரில் சுமார் 6 பேர் பகுதிநேர வேலை. ஆண்களில் சுமார் 2 பேர்தான்.

இந்த நாட்டுச் சட்டமும் மெதுவாகத்தான் மாறியது. பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை 1971 இல். 1988 இல் புதிய திருமணச் சட்டம் வரும்வரை குடும்பத்தின் தலைவர் கணவர்; மனைவி வேலைக்குப் போக அவருடைய சம்மதம் வேண்டும். மகப்பேற்றுக் காப்புறுதிக்கு 1945 இலேயே மக்கள் வாக்களித்தார்கள். 14 வாரக் கொடுப்பனவு கைக்கு வந்தது 2005 இல். தகப்பனுக்கு இரண்டு வாரம் 2021 இல்.

எங்கள் மூத்தவள் பிறந்தது 1999 இல். யார் வேலையைக் குறைப்பது என்று நானும் இவரும் பேசவே இல்லை. கிறெஷ் செலவை என் சம்பளத்தில் கழித்துப் பார்த்தோம், மிச்சம் இல்லை. "அப்ப நீர் நில்லும்" என்றார், நானும் நின்றேன். ஏன் என் சம்பளத்தில் மட்டும் கழித்தோம்? பிள்ளை இரண்டு பேருக்கும்தானே! அந்தக் கேள்வி எனக்கு வர இருபது வருடம் எடுத்தது. அப்போஸ்தலர் 18 ஆம் அதிகாரத்தில் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் வருகிறார்கள். கூடாரம் பண்ணும் தொழில் இருவருக்கும் உரியது என்றே எழுதியிருக்கிறது. அவளுடையது சில்லறைக் காசு என்று அங்கே இல்லை.

சென்ற வருடம் ஓய்வூதியக் கடிதங்களை மேசையில் விரித்தோம். முதலாம் தூணான ஆ.வே.எஸ். பரவாயில்லை. திருமண வருடங்களின் வருமானத்தை இருவருக்கும் சமமாகப் பிரிக்கிறார்கள், 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வளர்த்த வருடங்களையும் கணக்கில் சேர்க்கிறார்கள். இரண்டாம் தூணில்தான் ஓட்டை. 2025 இல் ஓர் இடத்தில் வருடச் சம்பளம் 22,680 பிராங்குக்கு மேல் இருந்தால்தான் கட்டாயமாகச் சேர்ப்பார்கள். பிள்ளை வளர்த்ததற்கு அங்கே ஒரு சதமும் இல்லை. இவருடைய கடிதம் மூன்று பக்கம். என் பக்கத்தில் கடிதமே இல்லை. இவர் கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உமக்கு முதலே சொல்லியிருக்க வேணும்" என்றார். யார் சொல்வது? அவருக்கும் தெரியாது.

ஆகவே, இரண்டு மூன்று இடங்களில் வேலை செய்யும் அக்காமார், தங்கச்சிமார் கவனியுங்கள். ஒவ்வொரு சம்பளமும் எல்லைக்குக் கீழே இருந்தாலும், கூட்டிப் பார்த்தால் எல்லையைத் தாண்டுமானால், நீங்களே கேட்டு இரண்டாம் தூணில் சேரலாம். உங்கள் பங்கு கழியும். வேலை கொடுப்பவர்களும் தங்கள் பங்கைக் கட்ட வேண்டும். கேட்காவிட்டால் யாரும் சேர்க்க மாட்டார்கள். அந்தத் தம்பியின் அம்மாவும் நானும் இந்தக் கடிதத்தைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆ.வே.எஸ். கணக்கு விபரத்தை இலவசமாகக் கேட்டு எடுக்கலாம். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பின், தேநீர் நேரத்தில் நான் கீழ் மண்டபத்தில் இருப்பேன். மருத்துவக் காப்புறுதி அட்டையைக் கொண்டுவாருங்கள். 756 என்று தொடங்கும் இலக்கம் அதில் இருக்கிறது. அண்ணாமாரும் கூட வாருங்கள். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.