மேட்டு நிலமும் பள்ளத்து வீடும்

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



வெள்ளம் வந்து வீடு முழுகினால் ஜனங்கள் "பேய் மழை" என்கிறார்கள். இல்லாவிட்டால் "தெய்வ குற்றம்" என்கிறார்கள். வானத்திலிருந்து விழுகிற தண்ணீர் நேராக நம் வீட்டு அடுப்பங்கரைக்கு வந்துவிடுவதில்லை. நடுவில் அது யாரோ ஒருவருடைய நிலத்தின்மேல் ஓடித்தான் வருகிறது. அந்த நிலம் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது, யாருடைய லாபத்துக்காக அப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தத் தண்ணீரின் வேகம் மாறுகிறது. இந்த ஒரு விஷயத்தைத்தான் இன்று பேசப்போகிறேன்.

உதாரணத்துக்கு இங்கிலாந்திலுள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். ஏன் அவ்வளவு தூரம் போகவேண்டும் என்று கேட்பீர்கள். அது ஒரு மில் ஊர், அது ஒரு காரணம். இந்த மேட்டு நிலத் தகராறு அங்கே பகிரங்கமாக நடந்திருக்கிறது, நிபுணர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள் என்பது மற்றொரு காரணம்.

ஊரின் பெயர் ஹெப்டன் பிரிட்ஜ். வட இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில், கால்டர் என்ற ஆற்றின் குறுகலான பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த ஜனங்கள் பள்ளத்தில் குடியிருக்கவில்லை. மலைமேல் ஹெப்டன்ஸ்டால் என்ற கிராமத்தில் கைத்தறி போட்டு நெய்துகொண்டிருந்தார்கள். பிறகு ஆலை வந்தது. ஆலைச் சக்கரத்தைச் சுற்றத் தண்ணீர் விசை வேண்டும். ஆகவே ஆலை ஆற்றங்கரைக்கு இறங்கியது. (நம் பாபநாசம் மில்லும் தாமிரவருணித் தண்ணீர் விசையை நம்பி எழுந்ததுதான்.) ஆலையின் பின்னால் தொழிலாளியும் இறங்கினான். கால்வாய் வந்தது, அப்புறம் ரயில் வந்தது, நீராவி வந்தது. ஊர் பள்ளத்திலேயே நிலைத்துவிட்டது. ஃபஸ்டியன் என்ற முரட்டுப் பருத்தித் துணி நெய்து கால்சட்டை தைக்கிற ஊர் அது. "கால்சட்டை ஊர்" என்றே பட்டப்பெயர் உண்டு. அங்கே 1906-ல் ஃபஸ்டியன் நெசவாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 1908 வரை நீடித்தது. இடம் போதாமல் சரிவில் ஒரு வீட்டின் தலைமேல் இன்னொரு வீட்டைக் கட்டினார்கள். மேல் வீட்டுக்கு வாசல் மேல் தெருவில், கீழ் வீட்டுக்கு வாசல் கீழ்த் தெருவில்.

"ஆற்றோரத்தில் வீடு கட்டிக்கொண்டு வெள்ளம் வந்தது என்று ஏன் அழவேண்டும்?" என்று சில கனவான்கள் கேட்பார்கள். நம் ஊரிலும் புறம்போக்கில் குடிசை போட்டவனைப் பார்த்து இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. ஆற்றோரத்துக்கு அவனை இறக்கிக் கொண்டுவந்தது யார் என்பதை அவர்கள் கேட்பதில்லை.

இந்த ஊரில் 2000-ல் வெள்ளம். 2012-ல் ஜூன் மாதம் ஒரு தடவை, ஜூலையில் மறு தடவை. அப்புறம் 2015 டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு மறுநாள். பிரிட்டனில் கணக்கு வைக்கத் தொடங்கிய நாளிலிருந்து மிக அதிக மழை பெய்த மாதங்களில் அந்த டிசம்பரும் ஒன்று. ஏற்கனவே நனைந்து ஊறிப்போன மலையில் மறுபடியும் கொட்டியது. ஹெப்டன் பிரிட்ஜ், மைத்தம்ராய்ட், டாட்மார்டன் என்று வரிசையாக ஊர்கள் முழுகின. கால்டர்டேல் வட்டாரத்தில் மட்டும் சுமார் 2,700 வீடுகளிலும் சுமார் 1,600 கடைகள், தொழிலகங்களிலும் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் வடிந்த பின்னால் தெருவில் என்ன கிடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாய், படுக்கை, பள்ளிக்கூடப் புத்தகம், சேற்றில் ஊறிய அரிசி. அங்கே அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி மேட்டுக்கு வருவோம். ஊருக்கு மேலே மரமில்லாத, அகலமான மலைத்திடல்கள் இருக்கின்றன. அங்கே மண் நம் மண் போலில்லை. பாசி செத்துச் செத்து, மட்காமல், ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஆயிரக்கணக்கான வருஷங்களில் உண்டான கருஞ்சேற்றுப் படுகை. பீட் என்று பெயர். ஒரு மீட்டர் படிய ஏறத்தாழ ஆயிரம் வருஷம் ஆகும். அதன்மேல் ஸ்பேக்னம் என்ற பாசி மெத்தை போல வளரும். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கக்கூடியது அது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். "மலை ஒரு பஞ்சு மாதிரி, மழையைக் குடித்துவிடும்" என்று பலர் பேசுகிறார்கள். இது பாதிதான் உண்மை. குளிர்காலத்தில் அந்தப் பஞ்சு ஏற்கனவே நனைந்து கிடக்கிறது. நனைந்த பஞ்சு மேலும் எவ்வளவு குடிக்கும்? அப்போது அந்தப் பாசி செய்கிற வேலை வேறு. தண்ணீரை அது தடவித் தடவி நகரவிடுகிறது. புல் மண்டிய வாய்க்காலில் தண்ணீர் எப்படி நகர்கிறது, செதுக்கி வழித்த வாய்க்காலில் எப்படிப் பாய்கிறது என்று வயலில் வேலை செய்கிற தோழர்களுக்குத் தெரியும். அதே கதைதான். மண் வெறுமையாய்க் கிடந்தால் தண்ணீர் சறுக்கிக்கொண்டு ஓடுகிறது. பாசிக்குள்ளே புகுந்தால் தயங்கித் தயங்கி வருகிறது. மொத்தத் தண்ணீர் ஒன்றேதான். ஆனால் பத்து ஓடைகளின் தண்ணீரும் ஒரே மணி நேரத்தில் ஊருக்குள் வந்து சேருகிறதா, அல்லது ஒன்றன்பின் ஒன்றாக வருகிறதா என்பதில்தான் வீடு தப்புவதும் தப்பாததும் இருக்கிறது.

அந்தப் பாசிக்கு நேர்ந்தது என்ன? முதலாவது, ஆலைப் புகை. லங்காஷயர், யார்க்‌ஷயர் ஆலைகளின் புகைபோக்கிகள் நூறு வருஷத்துக்கு மேலாகக் கக்கிய கரியும் கந்தகமும் காற்றோடு மலைமேல் படிந்து பாசியைக் கொன்றன. நம் கரிசல் காட்டுப் பருத்தியும் அந்தப் பக்கத்து வியாபாரத்தில் சேர்ந்ததுதான். லிவர்பூல் சந்தையில் "டின்னவெல்லி" என்று ஒரு ரகத்துக்கே விலை கூறினார்கள். இரண்டாவது, வடிகால். யுத்தத்துக்குப் பிறகு, முக்கியமாக 1960, 1970களில், சர்க்கார் மானியம் கொடுத்து மலைத்திடலில் வரிவரியாகக் கால் வெட்டச் செய்தது. ஆட்டுக்கு மேய்ச்சல் பெருகும், வேட்டைக்கும் உதவும் என்று சொன்னார்கள். ஒவ்வொரு காலும் தண்ணீருக்குக் குறுக்குவழி.

மூன்றாவதுதான் நெருப்பு. இதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லவேண்டும்.

அந்தத் திடல்களில் கிரௌஸ் என்று ஒரு பறவை உண்டு. நம் கௌதாரிக்கு உறவு. ஹெதர் என்ற குத்துச்செடியின் இளங்கொழுந்துதான் அதற்கு முக்கிய இரை. கொழுந்து வேண்டுமானால் முதிர்ந்த செடியைக் கொளுத்தவேண்டும். கொளுத்தினால் புதிதாய்த் தளிர்க்கும். ஆகவே மலையைப் பட்டை பட்டையாகப் பிரித்து, இந்த வருஷம் ஒரு பட்டை, அடுத்த வருஷம் இன்னொரு பட்டை என்று முறைவைத்துக் கொளுத்துகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும். நரி, கீரியைப் போன்ற பிராணிகள், காக்கை இவற்றைக் கொல்லக் காவலாட்கள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். இத்தனை ஏற்பாடும் எதற்கு? ஆகஸ்ட் 12-ந் தேதி வேட்டைப் பருவம் தொடங்கும். கூலியாட்கள் வரிசையாக நடந்து கொடி வீசிப் பறவைகளை விரட்டிக்கொண்டு வருவார்கள். சீமான்கள் மறைவிடங்களில் துப்பாக்கியோடு நின்று, பறந்து வருகிறவற்றைச் சுட்டு வீழ்த்துவார்கள். டிசம்பர் 10 வரை இந்த விளையாட்டு. ஒரு நாள் நின்று சுடுவதற்கு ஒரு சீமான் கொடுக்கிற பணம் ஒரு தொழிலாளியின் பல வாரக் கூலி.

கொளுத்தினால் கீழே வெள்ளம் கூடுமா? லீட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஐந்து வருஷம் பத்து ஆறுகளின் நீர்ப்பிடிப்புகளை ஆராய்ந்து 2014-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கொளுத்தும் மலைகளில் பீட் மண்ணின் நீர்மட்டம் கீழே இறங்கிக் கிடந்தது. கனத்த மழையின்போது அங்கிருந்து வரும் ஓடைகளில் உச்ச வெள்ளம் ஓரளவு அதிகமாக இருந்தது. வேட்டை எஸ்டேட் தரப்பினர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. முறைப்படி கொளுத்தாவிட்டால் செடி மண்டிப் பெரிய காட்டுத்தீ பிடிக்கும் என்பது அவர்கள் வாதம். தகராறு இன்னும் ஓயவில்லை.

நாம் மிகைப்படுத்திப் பேசக்கூடாது. 2015 டிசம்பர் மழையை எந்த எஸ்டேட்காரரும் கொண்டுவரவில்லை. மலை முழுக்கப் பாசி இருந்திருந்தாலும் அன்று ஆறு கரைபுரண்டிருக்கும். பூமி சூடேறுவதால் இப்படிப்பட்ட மழைகள் கூடுகின்றன, பள்ளத்தாக்கும் செங்குத்தானது. ஆனால், வாசற்படிக்கு ஓர் அங்குலம் கீழே நின்ற தண்ணீரும் ஓர் அங்குலம் மேலே ஏறிய தண்ணீரும் வீட்டுக்காரனுக்கு ஒன்றா? மலை கொஞ்சம் தாமதப்படுத்தினால்கூடச் சில தெருக்கள் தப்பும். அந்தக் கொஞ்சத்தைத்தான் கேட்கிறார்கள்.

யார் செலவில் இந்த மலை இப்படி நிர்வகிக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். ஹெப்டன் பிரிட்ஜுக்கு மேலே வால்ஷா மூர் என்ற வேட்டைத் திடல் இருக்கிறது. பீட் நிலத்துக்குச் சேதம் விளைந்ததாக, இயற்கைப் பாதுகாப்புக்கான சர்க்கார் இலாகாவே அந்த எஸ்டேட்டின் மீது வழக்குத் தொடுத்தது. 2012-ல் தீர்ப்புவரை போகாமலே வழக்கைக் கைவிட்டது. கைவிட்டதோடு நிற்கவில்லை. நிலப் பராமரிப்புக்கென்று பத்து வருஷத்தில் சுமார் 25 லட்சம் பவுன் எஸ்டேட்டுக்குக் கொடுப்பதாக ஒப்பந்தமும் ஏற்பட்டது. அது வரிப்பணம். அதே 2012-ல்தான் ஊருக்குள் இரண்டு தடவை வெள்ளம் புகுந்தது. ஊர் ஜனங்கள் கொளுத்துவதைத் தடை செய்யக் கோரி இயக்கம் தொடங்கியதில் ஆச்சரியம் உண்டா?

சரி, மலையைத் திருத்த முடியுமா? முடியும் என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு.

ஒன்று, அதே யார்க்‌ஷயரில் பிக்கரிங் என்ற சிற்றூர். 2007-ல் அங்கே கடும் வெள்ளம். ஊருக்குள் பெரிய சுவர் எழுப்பத் திட்டம் போட்டார்கள். சில வீடுகளுக்காக அவ்வளவு செலவு கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள். பிறகு மேட்டில் வேலை தொடங்கியது. ஓடைகளின் குறுக்கே மரக்கட்டைகளை அடுக்கிக் கசியும் அணைகள் 167 போட்டார்கள். சாதாரண நாளில் தண்ணீர் அடியில் போகும். வெள்ளத்தில் தேங்கி நின்று மெதுவாக வடியும். மலைத்திடலில் வெட்டிய கால்களை ஹெதர் செடிக் கட்டுகளாலேயே அடைத்தார்கள். பெரிய மண் கரை ஒன்றும் போட்டு, 1,20,000 கன மீட்டர் தண்ணீர் தேங்க இடம் செய்தார்கள். 2015 டிசம்பர் 26-ல் சுற்றுவட்டாரம் முழுகியபோது பிக்கரிங் முழுகவில்லை. உச்ச வெள்ளம் 15 முதல் 20 சதவிகிதம் குறைந்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள். அன்று அந்த ஊர்ப்பக்கம் மழை அவ்வளவு கடுமையாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு சாட்சி கிண்டர் ஸ்கவுட். மான்செஸ்டர் பக்கத்திலுள்ள மலை. இந்த மலையின் கதை நமக்குக் கொஞ்சம் சொந்தம். டெவன்‌ஷயர் பிரபுவின் வேட்டைத் திடல் அது. ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்கக்கூடத் தொழிலாளி அங்கே ஏறக்கூடாது. தடியோடு காவலாட்கள் நிற்பார்கள். 1932 ஏப்ரல் 24-ல், இளம் கம்யூனிஸ்டும் மோட்டார் மெக்கானிக்குமான பென்னி ரோத்மன் என்ற இருபது வயதுப் பையன் தலைமையில் சில நூறு இளைஞர்கள் கூட்டமாக ஏறினார்கள். ஐந்து பேருக்கு இரண்டிலிருந்து ஆறு மாதம்வரை சிறை. ரோத்மனுக்கு நாலு மாதம். ஜூரியில் உட்கார்ந்தவர்கள் கர்னல்களும் மேஜர்களும் நிலச்சுவான்தார்களும். எழுபது வருஷம் கழித்து, 2002-ல், அந்தப் பிரபு குடும்பத்தின் வாரிசு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்!

அந்தக் கிண்டர் மலை 1982-ல் நேஷனல் டிரஸ்ட் என்ற பொதுநல ஸ்தாபனத்தின் கைக்கு வந்தது. புகையும் மேய்ச்சலும் சேர்ந்து கருகட்டாந்தரையாக்கிய இடங்களில் புல் விதைத்தார்கள், பாசி நட்டார்கள், அரித்தோடிய ஓடைகளுக்குக் கல்லாலும் கட்டையாலும் தடுப்புப் போட்டார்கள். பிறகு அளந்தார்கள். மழை பெய்தபின் உச்ச வெள்ளம் முன்னைவிடத் தாமதமாக வந்தது, உயரமும் குறைந்தது. உள்ளே கால் வைத்தவர்கள் சிறை போன மலையில், பூட்ஸ் காலோடு ஏறிப் பாசி நடுகிறார்கள்.

வகுப்பின் இடையில் ஒரு தோழர் கேட்டார்: "ஹெப்டன் பிரிட்ஜ் ஜனங்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?" 2015 வெள்ளத்துக்குப் பிறகு தொண்டர்கள் சேர்ந்து, ஊருக்கு மேலே ஹார்ட்காஸ்டில் கிராக்ஸ் என்ற காட்டில் நூற்றுக்கணக்கில் கசியும் அணைகள் போட்டிருக்கிறார்கள். ஆசிரியர், கடைக்காரர், பென்ஷன்காரர் எல்லாரும் விடுமுறை நாளில் கட்டை சுமந்தார்கள். 2020 பிப்ரவரி 9-ல் மறுபடியும் வெள்ளம் வந்தது. அதற்குப் பிறகும் விட்டுவிடவில்லை. கொளுத்தும் விஷயத்தில் சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமான பீட் நிலத்தில் லைசென்ஸ் இல்லாமல் கொளுத்தக்கூடாது என்று 2021-ல் விதித்தார்கள். 2025-ல் அதை 30 சென்டிமீட்டராக்கி, இன்னும் அதிக நிலத்துக்கு விரித்தார்கள்.

தொண்டர்கள் அணை போட்ட அந்தக் காடு நேஷனல் டிரஸ்டுக்குச் சொந்தம், அனுமதி கிடைத்தது. காட்டுக்கு மேலே தொடங்குகிற வேட்டைத் திடல் தனியார் சொத்து. அங்கே வெட்டிய கால்களில் எதை அடைப்பது, எங்கே பாசி நடுவது என்பதற்கு எஸ்டேட்காரரின் சம்மதம் வேண்டும்.