ரீரெக்கார்டிங்கை ரீரெக்கார்டிங் பண்ணலாமா?

இந்த எபிசோடை களக்காட்டுல, எங்க வீட்டு மாடியிலருந்து பதிவு பண்றேன். நடுவுல ஒரு இரைச்சல் கேட்டா அது மலையிலருந்து இறங்குற காத்து. நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டும் முழுசா போகல, சரி இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "ஹாலிவுட்ல பழைய பட இசையை புது ஆர்கெஸ்ட்ரா வெச்சு ரீரெக்கார்டிங் பண்ணி ஆல்பமா விடுறாங்களே, நம்ம ஊர்ல ஏன் யாரும் செய்றதில்ல?" நல்ல கேள்வி. ஆனா முதல்ல வார்த்தையிலேயே ஒரு குழப்பம் இருக்கு. தமிழ் சினிமாவுல ரீரெக்கார்டிங்னா பின்னணி இசைதான். "படம் ரீரெக்கார்டிங்ல இருக்கு"ன்னா, இசையமைப்பாளர் ரீல் ரீலா பார்த்து இசை போட்டுக்கிட்டு இருக்கார்னு அர்த்தம். நண்பர் கேட்டது வேற. ஏற்கெனவே ஒரு தடவை பதிவான இசையை, பல வருஷம் கழிச்சு, வேற கலைஞர்கள் திரும்ப வாசிச்சுப் பதிவு பண்றது. அதாவது ரீரெக்கார்டிங்கையே ரீரெக்கார்டிங் பண்றது.

இதை ஏன் செய்யணும்? பழைய ரெக்கார்டிங்தான் இருக்கே, கேட்டுட்டுப் போலாமேன்னு தோணும். இருக்கிறது என்னங்கிறதுதான் விஷயம். பழைய படத்துல ஒலி, பிலிமோட ஓரத்துல ஒரு மெல்லிய கோடா இருக்கும். மோனோ. வசனம், கதவு சாத்துற சத்தம், குதிரைக் குளம்படி, வயலின் எல்லாம் சேர்த்து அரைச்ச ஒரே கலவை. அதுவும் 8 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல பெரிசா ஒண்ணும் இருக்காது. சிம்பலோட மினுமினுப்பு, வயலின் வில் நரம்புல உரசுற அந்த ஓசை எல்லாம் அங்கேயே போயிடும். இசை மட்டும் தனியா இருந்த டேப் பத்திரமா இருந்தா தப்பிச்சோம். பெரும்பாலான படங்களுக்கு அது இருக்கிறதில்ல.

நம்ம தொழில் பாஷையில சொல்றேன். படத்துல கேக்குற இசை கம்பைல் பண்ண பைனரி. இசையமைப்பாளர் எழுதின நோட்ஸ், அதான் ஸ்கோர், சோர்ஸ் கோட். சோர்ஸ் கோட் இருந்தா எப்ப வேணும்னாலும் புது மெஷின்ல திரும்ப பில்ட் பண்ணிக்கலாம். அது தொலைஞ்சு போச்சுன்னா ரிவர்ஸ் இன்ஜினியரிங்தான்.

ஹாலிவுட்ல இந்த வேலையைப் பெரிய அளவுல பிரபலமாக்கினது சார்லஸ் கெர்ஹார்ட். 1972-ல ஆர்.சி.ஏ நிறுவனத்துக்காக லண்டன்ல நேஷனல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை வெச்சு எரிக் கோர்ன்கோல்டோட பட இசையைத் திரும்பப் பதிவு பண்ணார். கோர்ன்கோல்ட் இறந்து அப்ப 15 வருஷம் ஆயிருந்துச்சு. தயாரிச்சது அவரோட மகன் ஜார்ஜ். சினிமா இசைன்னா மட்டம்னு நெனச்சவங்களும் அந்த ரெக்கார்டை வாங்கினாங்க. அதைத் தொடர்ந்து ஒரு வரிசையே வந்துச்சு.

ஆனா அதே காலத்துல எம்.ஜி.எம் ஸ்டுடியோ என்ன பண்ணுச்சு தெரியுமா? இடத்தை அடைக்குதுன்னு தன்னோட இசை நூலகத்தையே தூக்கிக் குப்பையில போட்டுச்சு. பல பத்து வருஷத்து ஸ்கோர்கள், ஒவ்வொரு கலைஞருக்கும் எழுதின தாள்கள், எல்லாம் மண்ணுக்கு அடியில. அதுக்கப்புறம் இங்கிலாந்துல ஜான் வில்சன்னு ஒரு கண்டக்டர், மிச்சம் கிடைச்ச சுருக்கக் குறிப்புகளையும் படத்தையும் வெச்சு, காதால கேட்டுக் கேட்டு ஒவ்வொரு வாத்தியமா திரும்ப எழுதினார். 2009-ல லண்டன் ப்ராம்ஸ் விழாவுல அது மேடையேறுச்சு. சில நொடி இசைக்குப் பின்னாடி ஒரு நாள் முழுக்க ஹெட்போன் போட்டு உக்காந்திருக்கிற வேலை அது. லெகசி கோட்ல டாக்குமென்டேஷன் இல்லாம முட்டி மோதினவங்களுக்கு அந்த வலி புரியும்.

இன்னொண்ணு. திரும்ப வாசிச்சா அதே மாதிரி வருமா? வராது. பெர்னார்ட் ஹெர்மன் 'சைக்கோ' படத்துக்குத் தான் போட்ட இசையை 1975-ல தானே நின்னு நடத்திப் பதிவு பண்ணார். படத்துல இருக்கிறதைவிட வேகம் கம்மி. அவர் எழுதினதுதான், அவர் நடத்தினதுதான், ஆனாலும் அந்தப் பதற்றம் இல்லைன்னு சண்டை போடுறவங்க இன்னைக்கும் இருக்காங்க. நான் அவங்க கட்சி.

சரி, நம்ம பக்கம் வருவோம். "யாரும் செய்றதில்ல"ங்கிறது முழு உண்மை இல்ல. 1960-ல வந்த 'முகல்-எ-ஆஸம்' 2004-ல வண்ணத்துல வந்துச்சுல்ல, அப்ப நௌஷாதும் உத்தம் சிங்கும் சேர்ந்து இசையைப் புதுசா வாசிக்க வெச்சுப் பதிவு பண்ணாங்க. லதா மங்கேஷ்கர், படே குலாம் அலி கான் குரல்கள் மட்டும் பழைய பதிவிலருந்தே எடுத்தது. 44 வருஷத்துக்கு முந்தின குரலைச் சுத்திப் புது வாத்தியங்கள். நௌஷாதுக்கு அப்ப 84 வயசு. ரெண்டு வருஷத்துக்குள்ள இறந்துட்டார். கொஞ்சம் தாமதிச்சிருந்தா, "இந்த இடத்துல நான் என்ன நெனச்சேன்"னு சொல்ல ஆளே இருந்திருக்காது.

தமிழ்ல 'கர்ணன்'. 1964-ல வந்த படம், 2012 மார்ச்சுல டிஜிட்டலா திரும்ப வந்து 100 நாள் தாண்டி ஓடுச்சு. படச்சுருளைச் சுத்தம் பண்ணதைப் பத்தித்தான் எல்லாரும் பேசினாங்க. ஆனா பழைய பின்னணி இசை ரொம்பத் தேஞ்சு போயிருந்ததால அதைப் புதுசா வாசிச்சுத்தான் சேர்த்தாங்க. தியேட்டர்ல உக்காந்து கண் கலங்கினவங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரிஞ்சிருக்காது. தெரியாம இருந்ததுதான் அந்த வேலைக்குக் கிடைச்ச மார்க்.

இதுல வித்தியாசத்தைக் கவனிங்க. கெர்ஹார்ட் பண்ணது இசைக்காக இசை, தனி ரெக்கார்டா கேக்குறதுக்கு. நம்ம ஊர்ல பண்ணது படத்தைக் காப்பாத்த. பின்னணி இசையைத் தனியா கேக்குற பழக்கம் நமக்கு ரொம்ப லேட்டாத்தான் வந்துச்சு. எல்.பி, கேசட் எல்லாத்துலயும் பாட்டு மட்டும்தான். எங்க மாமா ஒருத்தர் கல்யாணத்துக்கும் கோவில் கொடைக்கும் ரேடியோ செட் போடுறவர். அவர்கிட்ட இருந்த 'திருவிளையாடல்' கதை வசன கேசட்தான் எங்க தெருவுல பாதிப் பேருக்குப் பின்னணி இசை கேக்க ஒரே வழி. அதுவும் புளியமரத்துல கட்டின குழாய்ல, வசனத்துக்கு நடுவுல. 'மௌன ராகம்' பி.ஜி.எம், 'முள்ளும் மலரும்' பி.ஜி.எம்னு இன்னைக்கு நெட்ல கேக்குறோமே, அதுல நிறைய ரசிகர்கள் டி.வி.டியிலருந்து வெட்டி எடுத்தது. புல்லாங்குழல் உச்சத்துக்குப் போற நேரத்துல யாராவது "என்னங்க"ன்னு கூப்பிடுவாங்க.

இப்ப சோர்ஸ் கோட் விஷயம். இந்தக் கேள்விக்கு இளையராஜாதான் முக்கியமான ஆள், ஏன்னா அவர் எழுதுறவர். எந்த வாத்தியம் எந்த இடத்துல என்ன வாசிக்கணும்னு முழுசா நோட்ஸா கையால எழுதிக் கொடுப்பார், கலைஞர்கள் அதைப் பார்த்து வாசிப்பாங்க. அதனாலதான் அந்தத் தாளைத் தூக்கிக்கிட்டு எந்த ஊருக்கும் போக முடிஞ்சுது. 'ஹே ராம்' பின்னணி இசையை ஹங்கேரியில, புடாபெஸ்ட் கலைஞர்களை வெச்சுப் பதிவு பண்ணார். 2005-ல 'திருவாசகம்' ஆல்பமும் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடதான். 2025 மார்ச் 8-ம் தேதி லண்டன்ல அவரோட 'வேலியன்ட்' சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் வாசிச்சுது. தமிழ் ஒரு வார்த்தை தெரியாத ஒருத்தர், பண்ணைப்புரத்துக்காரர் எழுதினதைப் பார்த்து அப்படியே வாசிக்கிறார்னா, அந்தத் தாள்ல எல்லாம் இருக்குன்னுதானே அர்த்தம்?

'எல்லாம்' இருக்குன்னு சொன்னது கொஞ்சம் ஓவர். அங்கதான் எனக்குத் தயக்கம். 80-கள்ல சென்னையில வயலின் வாசிச்சவங்கள்ல பலருக்கு கர்னாடக சங்கீதப் பயிற்சி உண்டு. ஒரு ஸ்வரத்துலருந்து அடுத்ததுக்குப் போகும்போது விரல் தானா வழுக்கும். தாள்ல எழுதியிருக்காது, ஆனா ரெக்கார்டிங்ல இருக்கும். ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ரா ரொம்ப சுத்தமா வாசிக்கும். அந்தச் சுத்தத்துல அந்த வழுக்கல் காணாம போயிடும். 'திருவாசகம்' அவங்களுக்காகவே எழுதினது, அதனால அங்க அது குறையா தெரியல. 'நாயகன்' பி.ஜி.எம்மை பிராக்ல கொடுத்தா தெரியும். பிராக்னு சும்மா சொல்லல. ஹாலிவுட் பட இசையை இப்ப நிறைய திரும்பப் பதிவு பண்றது அங்கதான், செலவு கம்மி. மிக்லோஷ் ரோஸா இசையமைச்ச 'குவோ வாடிஸ்' படத்தோட ஸ்கோர் எம்.ஜி.எம் குப்பையில போனதுல ஒண்ணு. அதைத் திரும்ப எழுதி 2012-ல பிராக்லதான் வெளியிட்ட ஆல்பத்துக்கு வாசிச்சாங்க.

விஸ்வநாதன் - ராமமூர்த்தி காலத்துக்குப் போனா நிலைமை இன்னும் சிக்கல். எம்.எஸ்.வி ஆர்மோனியத்துல பாடிக் காட்டுவார், ஹென்றி டேனியல் மாதிரி உதவியாளர்கள் அதை வாத்தியங்களுக்குப் பிரிச்சுக் கொடுப்பாங்க. அங்க சோர்ஸ் கோட் ஒரே இடத்துல இல்ல. கொஞ்சம் ஆர்மோனியத்துல, கொஞ்சம் உதவியாளர் தாள்ல, மீதி வாசிச்சவங்க ஞாபகத்துல. அந்த ஞாபகத்துக்கு இப்ப என்ன வயசுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

"அதான் ஏ.ஐ இருக்கே"ன்னு நம்ம ஆபீஸ் நண்பர்கள் உடனே சொல்வாங்க. உண்மைதான். 2019-ல டீசர் கம்பெனி ஸ்ப்ளீட்டரை ஓப்பன் சோர்ஸா விட்டதுலருந்து, பாட்டுலருந்து குரலைப் பிரிக்கிறது லேப்டாப் வேலையாயிடுச்சு. ஜான் லெனனோட பழைய கேசட்லருந்து அவர் குரலைப் பிரிச்சு 2023-ல பீட்டில்ஸோட புதுப் பாட்டே வந்துச்சு. நானும் டெமுக்ஸ்ல ஒரு பழைய தமிழ்ப் படத்தோட ரெண்டு நிமிஷக் காட்சியைப் போட்டுப் பார்த்தேன். வசனம் நல்லாவே தனியா வந்துச்சு. மிச்சமிருந்த இசைதான் தண்ணிக்கு அடியில வாசிச்ச மாதிரி, வசனம் இருந்த இடத்துலல்லாம் ஓட்டை. பதிவாகாத ஓசையை எந்த மாடலும் 'பிரிச்சு' எடுக்க முடியாது, கற்பனை பண்ணி நிரப்பத்தான் முடியும். ஆனா காதால கேட்டு எழுதுறவருக்கு இது பெரிய உதவி. ஜான் வில்சன் அந்த எம்.ஜி.எம் வேலையைப் பண்ணப்ப இது இல்ல.

அப்ப என் பதில்: பண்ணலாம், ஆனா சென்னையில பண்ணணும். அந்தக் காலத்துல வாசிச்சவங்க ரெண்டு மூணு பேரையாவது பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு. முழுப் படம் வேண்டாம், ஒரு படத்துலருந்து 20 நிமிஷம் போதும். உரிமை யாருகிட்ட இருக்குங்கிறது தனிக் கதை. தயாரிப்பாளர், ஆடியோ கம்பெனி, இசையமைப்பாளர்னு கோர்ட் வரைக்கும் போயிருக்கு, அதுக்கே ஒரு எபிசோட் வேணும்.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, அதுக்கு யார் அனுமதியும் வேண்டாம். கேக்குறவங்கள்ல யார் வீட்டுலயாவது தாத்தாவோ பெரியப்பாவோ ஸ்டுடியோவுல வாசிச்சவரா இருந்தா, பரண்ல இருக்கிற நோட்டை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கமா போன்ல போட்டோ எடுத்து வைங்க. பகல் வெளிச்சத்துல, பிளாஷ் இல்லாம. ஓரத்துல பென்சில்ல ஏதாவது கிறுக்கியிருந்தா அதுவும் தெரியணும், படம் பேரோ ரீல் நம்பரோ அங்கதான் இருக்கும். அவர் இருக்கார்னா, ஒரு பக்கத்தைக் காட்டி வாசிச்சுக் காட்டச் சொல்லி வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க. தாள்ல இல்லாதது அதுலதான் வரும்.