வளவுப் பறவைகளுக்கு ஒரு படப் புத்தகம்

யாழ்ப்பாணத்துப் புத்தூர்ப் பனங்காணிகளில் கொத்திக்கொண்டு திரியும் மரங்கொத்தியின் முதுகைக் கவனித்திருக்கிறீர்களா? பொன் மஞ்சள். தெற்கே போனால் அதே முதுகு கடுஞ்சிவப்பு. 1944இல் நம் வடபகுதித் துணையினத்துக்குச் சூட்டப்பட்ட விஞ்ஞானப் பெயரில் யாழ்ப்பாணமே இருக்கிறது: ஜஃப்னென்ஸி. ஆகவே, வீட்டுக்குப் பறவைப் புத்தகம் வாங்குகிறவர்கள் வடக்கின் பறவைகளையும் காட்டும் புத்தகமாகப் பார்த்து வாங்குங்கள்.

இலங்கைக்கு அப்படியொரு கைநூலைத் தந்தவர் ஜி. எம். ஹென்றி. 1891இல் பிறந்தவர். கொழும்பு நூதனசாலையில் அவருடைய உத்தியோகம் பூச்சிகளை ஆராய்வது. மனம் முழுக்கப் பறவைகளில். 1955இல் வெளிவந்த இலங்கைப் பறவைகள் வழிகாட்டிக்கு எழுத்தும் அவரே, ஓவியமும் அவரே. புகைப்படம் ஒரு கணத்து வெளிச்சத்தைத்தான் பிடிக்கும். நல்ல ஓவியனோ அடையாளத்துக்கு வேண்டிய கோட்டையும் புள்ளியையும் தெளிவாக எடுத்துக் காட்டுவான். அதனால்தான் இன்றைக்கும் வரைந்த படங்களை நம்புகிறார்கள்.

பறவையைக் கண்டதும் புத்தகத்தைப் புரட்டாதீர்கள், அதற்குள் அது பறந்துவிடும். முதலில் அலகு, கண்ணருகே கோடு, வால், நடை. தத்துகிறதா, நடக்கிறதா? பிறகு பக்கத்தைத் திருப்புங்கள். புலுனியும் செண்பகமும் வேலியோரம் எப்போதும் உண்டு. பிள்ளைகள் அவற்றில் பழகட்டும். ஐப்பசியை ஒட்டி இந்தியாவிலிருந்து ஆறுமணிக்குருவி வரத் தொடங்கும். அதன் படத்தை இப்போதே பார்த்து வையுங்கள்.