ஐந்தடியும் வினைச்சொல்லும்



மொழி மேடையில் நடைபாதைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். உடைந்த பாதையைச் செப்பனிடுவது மாநகர் மன்றத்தின் கடமைதான். ஆனால் கடமை யாருடையது என்பதை வெளிப்படுத்துவதும் மறைப்பதும் நாம் எழுதும் வாக்கியங்களே.

கடைவீடுகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைவழியை மலாயில் 'காக்கி லீமா' என்பர். நம்மவர் பேச்சில் அது 'அஞ்சடி'. மலாயின் 'காக்கி'யைப் போலவே நம் 'அடி'யும் பாதத்தையும் அளவையும் ஒருங்கே குறிக்கும். 1822இல் சிங்கப்பூர் நகரமைப்புக்கு ராஃபிள்ஸ் விடுத்த கட்டளையில், ஒவ்வொரு வீட்டின் முன்னும் எப்போதும் திறந்திருக்கும் தொடர்ச்சியான நடைவழி வேண்டும் என்றார். 'எப்போதும் திறந்த', 'தொடர்ச்சியான' என்னும் இவ்விரு அடைகளிலேயே நடப்போர் உரிமை முழுதும் அடங்கிவிட்டது. காப்பதுதான் கடினம். 1888இல் அங்கே ஐந்தடியை மறித்த பொருள்களை அகற்ற முற்பட்டபோது கலவரமே மூண்டது. இன்று கோலாலம்பூரிலும் ஒரு கடையின் ஐந்தடியிலிருந்து அடுத்ததற்குப் படி ஏறி இறங்க வேண்டிய இடங்கள் உண்டு.

இனி, வினைச்சொல்லுக்கு வருகிறேன். 'நடைபாதைக் கல் உடைந்துள்ளது', 'உடைக்கப்பட்டுள்ளது', 'உடைத்துள்ளனர்' ஆகிய மூன்றும் ஒரே காட்சியைத்தான் சொல்கின்றன. முதலாவதில் செய்தவர் என்ற எண்ணமே இல்லை. கல் தானே உடைந்துகொண்டது. இரண்டாவதில் ஒருவர் இருக்கிறார், முகம் தெரியவில்லை. மூன்றாவதில்தான் ஆள் வருகிறார். 'உடைந்தது' போன்றவற்றை இயங்குவினை என்றும் 'உடைத்தது' போன்றவற்றை இயக்குவினை என்றும் பேராசிரியர் கு. பரமசிவம் பிரித்துக் காட்டினார். நம் முறையீடுகளோ பெரும்பாலும் இயங்குவினையிலேயே நின்றுவிடுகின்றன: கல் பெயர்ந்துள்ளது, மூடி விழுந்துள்ளது, பள்ளம் ஏற்பட்டுள்ளது. மரவேர் தூக்கிய கல்லுக்கு இது பொருந்தும். குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணை மட்டும் தள்ளிவிட்டுச் சென்ற இடத்துக்குப் பொருந்துமா? தோண்டியவர் இன்னார் என்று அறியாதபோது ஊகித்துப் பெயர் சொல்லக் கூடாது. அங்கே 'தோண்டப்பட்டுள்ளது' என்பதே நேர்மையான வடிவம். அருகிலேயே 'பாதசாரிகள் கவனமாகச் செல்லவும்' என்று ஓர் அறிவிப்பும் இருக்கும். தோண்டியவருக்கு எழுவாய் இல்லை. நடப்பவருக்கு மட்டும் ஏவல்!

இதனால் மிகுதியும் துன்புறுவோர் யார் என்பதைப் பிரிக்பீல்ட்ஸில் காணலாம். 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இயங்குகிறது. அப்பகுதி நடைபாதைகளில் பதித்துள்ள மஞ்சள் கற்களைப் பலர் அழகுக்கென்றே நினைக்கின்றனர். அவை காலாலும் கைத்தடியாலும் படிக்கும் எழுத்து. நீண்ட கோடுகள் கொண்ட கல் 'இத்திசையில் செல்' என்கிறது. புள்ளிகள் கொண்ட கல் 'நில், கவனி' என்கிறது. இரண்டே குறிகள் கொண்ட இதைவிடச் சிக்கனமான குறியீட்டு முறையை நான் கண்டதில்லை. பழுதுபார்ப்போர் கோட்டுக் கல் இருந்த இடத்தில் வெறுங்கல்லைப் பதித்தால் வாக்கியம் பாதியில் அறுந்துபோகும். கல்லைத் திருப்பிப் பதித்தாலோ பொருளே மாறும். படிப்பவர் சாலைக்குள் இறங்கிவிடுவார். மோட்டார் சைக்கிளை அதன்மேல் நிறுத்துவது எழுத்தின்மேல் மை கொட்டுவதற்கு ஒப்பு. பொது வசதிகளைப் பிறருக்கு நிகராகப் பயன்படுத்தும் உரிமையை 2008ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டத்தின் 26ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே இது இரக்கத்தால் கேட்பதன்று.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். புகார்க் கடிதப் பயிற்சியில் 'ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிக்கப் பழக்கியிருக்கிறோம். அந்த 'ஆவன' எவை? கடிதத்தைப் பெறும் அலுவலருக்கு அது தெரியாது. எழுதிய மாணவருக்கும் தெரியாது. அவ்விடத்தில் இப்படி எழுதப் பழக்கலாம்: 'மூன்றாம் கடைக்கும் நான்காம் கடைக்கும் இடையே, குழாய் பதித்தவர்கள் பெயர்த்த ஆறு கோட்டுக் கற்களையும் முன்பிருந்த திசையிலேயே மாநகர் மன்றம் மீண்டும் பதிக்க வேண்டும்.'