திமிரும் தன்னம்பிக்கையும்

(இரவுப்பள்ளி மாணவர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய ஐயா, தன்னம்பிக்கை இருந்தா எதையும் சாதிக்கலாம்னு சொல்லிட்டு உட்கார்ந்தார். நல்ல சொல்தான். பத்தாவதில் தவறினபோது நானும் அந்தமாதிரிப் புத்தகங்களைத் தேடித்தேடிப் படிச்சவன். 'உன்னால் முடியும்' என்பார்கள். (1988இல் 'உன்னால் முடியும் தம்பி'ன்னு சினிமாவே வந்துச்சு.) ஆனா எங்க ஊரில் தினமும் புழங்கின ஒரு சொல் நான் படிச்ச புத்தகம் எதிலும் இல்லை. திமிர்.

ஊர்த்தெருப் பையன் இஸ்திரி போட்ட சட்டையோட வந்தா, 'புள்ள என்னமா நிமிர்ந்து நடக்குறான்' என்பார்கள். அதே சட்டையில் நான் டீக்கடைப் பக்கம் போனா, 'என்னடா, திமிரா?' செருப்பு போட்டா கொழுப்பு. பதில் சொன்னா ஏத்தம். சைக்கிள விட்டு இறங்காமப் போனா, கேக்கவே வேணாம். காரியம் ஒண்ணுதான், தெரு மாறினா பேரு மாறிப்போகுது.

எங்கம்மா பள்ளிக்கூடம் அனுப்பும்போது 'நல்லாப் படி சாமி' என்பாள். அடுத்த மூச்சிலேயே 'தலையக் குனிஞ்சு போ' என்பாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். தனியா நிமிர்ந்தவனுக்கு என்ன நடந்துச்சுன்னு கண்ணால பார்த்தவ அவ.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் 'பறையன்'. நம்மேல் ஏச்சாக வீசப்பட்ட பெயரையே தலைப்பாக அச்சடித்தார். இதைவிடப் பெரிய திமிர் எது? அதே மனிதர்தான் 1924இல் சென்னைச் சட்டசபையில், பொதுச்சாலையிலும் கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டென்று தீர்மானம் கொண்டுவந்தார். ரோட்டில் நடக்கிறதுக்கே தீர்மானம்! அவருடைய தன்னம்பிக்கை நெஞ்சுக்குள் பூட்டி வைத்த சமாச்சாரம் இல்லை. பத்திரிகையாக, மனுவாக, தீர்மானமாக வெளியே நடமாடியது.

நம்ம சுவரிலெல்லாம் 'கற்பி, ஒன்றுசேர், போராடு' என்று எழுதுகிறோம். 1942இல் நாகபுரி மாநாட்டில் அம்பேத்கர் இந்த மூன்றையும் சொன்ன கையோடு, உங்கள்மீதே நம்பிக்கை வையுங்கள் என்றும் சொன்னார். சுவரில் இடம் போதலையோ என்னவோ, நாலாவது நமக்கு விடுபட்டுப் போச்சு. தன்னம்பிக்கை வியாபாரிகள் அந்த நாலாவதை மட்டும் பிச்சு எடுத்துக்கிட்டு, மூணையும் விட்டுட்டாங்க.

போன வாரம் இங்க படிச்ச தம்பி ஒருத்தன் வந்தான். எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். நேர்முகத்தில் 'எந்த ஊரு, ஊருல எந்தத் தெரு?'ன்னு கேட்டிருக்காங்க. இவனுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. கடைசியில் 'உனக்குத் தன்னம்பிக்கை பத்தாது'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவனும் அதை நம்பி, எங்கிட்ட வந்து அழுவுறான். தெருவக் கேட்டவன் கேள்வியில கோளாறு. இவன் தன் நெஞ்சத் தடவிப் பாத்துக்கிட்டு நிக்கிறான்.

வர்ற திங்கக்கிழமை அவனுக்கு இன்னொரு நேர்முகம். அவங்க கேக்குறதுக்கு முன்னாடியே தெருப் பேரச் சத்தமாச் சொல்லுடான்னு சொல்லியிருக்கேன். வாசல் வரைக்கும் கூட நாலு பேர் போகணும். யார் யார் வர்றீங்க?