பதினைவர் கட்சி

ஊரெல்லாம் ஒருமுகமாய் ஓர் அபிப்பிராயத்தைப் பற்றி நிற்கும்போது, அது சரியன்று என்று எழுந்து சொல்லுகிறவனிடம் நியாயம் உண்டா என்று ஆராய்வதற்கு முன்பே, அவனுக்கு உள்நோக்கம் கற்பிக்க முந்துவது மனித சுபாவம். இதற்கு நம் தேசிய சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

1942 ஏப்ரலில், ஜப்பானியரின் குண்டுகள் விசாகப்பட்டினத்தில் விழுந்த அதே மாதத்தில், முஸ்லிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஒப்புக்கொண்டாவது தேசிய சர்க்கார் ஒன்றை உடனே அமைக்க வழி தேடவேண்டும் என்று, சென்னைச் சட்டசபைக் காங்கிரஸ் கட்சியார் ராஜாஜியின் முயற்சியால் தீர்மானம் செய்தார்கள். தேசமெங்கும் கண்டனம் எழுந்தது. அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியில் அவருடைய யோசனைக்கு 15 வாக்குகளே கிடைத்தன. எதிராக விழுந்தவை 120.

காரியக் கமிட்டியிலிருந்து முன்னதாகவே விலகியிருந்த அவர், ஜூலையில் காங்கிரஸ் அங்கத்தினர் பொறுப்பையும் சட்டசபை ஸ்தானத்தையும் துறந்து, ஸ்தாபனத்தின் நிழலில் இருந்துகொண்டே அதன் முடிவுக்கு விரோதமாய்ப் பேசுகிறார் என்ற பழிக்கு இடமில்லாமல், வெறும் பிரஜையாக நின்று தம் கட்சியைப் பிரசாரம் செய்தார். ஆகஸ்டுப் போராட்டத்தையும் அவர் ஏற்கவில்லை. ஆயினும் காந்தியடிகளுக்கும் அவருக்கும் இருந்த சிநேகம் முறியவில்லை. 1943-இல் ஆகாகான் மாளிகையில் அடிகள் உபவாசமிருந்தபோது ராஜாஜி காட்டிய சமரசத் திட்டத்துக்குச் சம்மதம் தந்தார். மறுவருஷம் பம்பாயில் ஜின்னாவுடன் அடிகள் நடத்திய பேச்சுக்கு அத்திட்டமே ஆதாரமாயிற்று. பேச்சு பலிக்கவில்லை, 1947-இல் தேசம் ரத்தம் சிந்திப் பிரிந்தது.

ராஜாஜி சொன்னபடி செய்திருந்தால் அந்த அனர்த்தம் நேர்ந்திராது என்று நான் வாதிக்க வரவில்லை. அவர் திட்டம் தவறென்று கருதுவோர் இன்றும் உண்டு, அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. மாற்றுக் கருத்தின் பெருமை, பிற்காலம் அதை மெய்ப்பித்ததா என்பதில் இல்லை. எல்லாரும் முடிந்துபோனதாக எண்ணிய கேள்வியை மறுபடி யோசிக்கச் செய்வதிலும், அதற்குரிய நஷ்டத்தைச் சொன்னவரே ஏற்றுக்கொள்வதிலும், மறுத்தவரிடம் பகை பாராட்டாமலிருப்பதிலுமே அது இருக்கிறது.

ஆகையால், நேயர்களே, உங்கள் சங்கத்திலோ பஞ்சாயத்திலோ குடும்பத்திலோ ஒருவர் தனித்து நின்று மறுப்புச் சொன்னால், வாக்கெடுப்பதற்கு முன் அவரை முழுவதும் பேச விடுங்கள். பிறகு தோற்கடிப்பதானாலும், பகைவராக்காமல் தோற்கடியுங்கள்.